மலையை விடுங்க, லீவை மாத்துங்க

வேல்ஸ் மலைகளில் நாலைந்து நாள் குதிரைச் சவாரி என்றால் மாதக்கணக்கில் முன்பே புக் பண்ணுவோம், வழிகாட்டி சொன்ன பாதையை விட்டு நகர மாட்டோம். லீவில் ஊருக்கு வந்து அகத்தியர்கூடத்துக்குப் பாஸ் கிடைக்காவிட்டால் மட்டும் கோபம் வருது. "வெளிநாட்டிலிருந்து வர்றவங்களுக்குத் தனி கோட்டா வேணும்" என்கிறார்கள் சிலர். எனக்கு இதில் உடன்பாடு இல்லைங்க.

திருவனந்தபுரம் மாவட்டம் போணக்காட்டிலிருந்து ஏறும் இந்த மலை 1,868 மீட்டர். வேல்ஸின் உச்சியான ஸ்னோடனே 1,085தான். நம்ம பொதிகை இதுதான், தாமிரபரணி பிறக்கும் இடம். இங்கே குதிரை கிடையாது. மூணு நாள் நடை, இரவில் அதிருமலை முகாம்.

1987-ல் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் களைத்துப்போக, வழிகாட்டிய காணிகள் மட்டும் ஒரு பழத்தைத் தின்றுகொண்டு சளைக்காமல் நடந்தார்கள். அந்த ஆரோக்கியப்பச்சையிலிருந்துதான் 'ஜீவனி' மருந்து வந்தது. இப்படி இன்னும் எத்தனை செடி அங்கே இருக்கோ! கேட்டவருக்கெல்லாம் பாஸ் கொடுத்தால் காடு தாங்குமா?

பெண்களுக்கும் அனுமதி வேண்டும் என்று கேட்டது வேறு. 2018-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னபிறகு, 2019 ஜனவரியில் தன்யா சனல் ஏறினார். காணிகள் எதிர்த்தார்கள்தான். ஆனால் அவர் கேட்டது இருக்கும் இடத்தில் சம பங்கு. நாம் கேட்பது சலுகை.

நமக்கு லீவு டிசம்பரில், மலைக்கு சீசன் வழக்கமாக ஜனவரியில். ஒரு வருஷம் லீவைத் தள்ளிப்போட்டால் குறைந்தா போயிடுவோம்?