ஐம்பது பேர் சேர்ந்தால்தான் உயிரா?

ஆரியசாலைச் சந்திப்பில் விடியற்காலையில் சரக்கு லாரி வந்து நின்றால், அதில் கைவைப்பவர் யார் என்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் கேரளச் சுமைப்பணித் தொழிலாளர் சட்டம். பதிவு உண்டு, நல வாரியம் உண்டு, விபத்து நேர்ந்தால் போய்க் கேட்க ஓர் இடம் உண்டு. சாலைக் கடைத்தெருவின் வணிகர்களில் சிலர் இச்சட்டத்தைப் பற்றி என்ன பேசுவார்கள் என்பது நமக்குத் தெரியும். முதலாளித்துவ ஏடுகள் எழுதுவதும் அதையேதான்.

இங்கிருந்து சில கிலோமீட்டர் மேற்கே, சங்குமுகம் கடற்கரையை ஒட்டிய விமான நிலையத்திலும் மூட்டைதான் இறக்குகிறார்கள். 1935இல் டாட்டாவின் சிறு விமானம் திருவிதாங்கூர் அஞ்சலைச் சுமந்து பறந்த களம் அது. 2021 அக்டோபர் 14 முதல், 50 ஆண்டுக் குத்தகையில், அதானி குழுமத்தின் கையில் இருக்கிறது. வேலிக்கு உள்ளே தொழிலாளர் சட்டங்களுக்கு உரிய அரசு ஒன்றிய அரசே. அந்த அரசு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு என்ன சொல்கிறது? ஒரு நிறுவனத்தின் மையப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்தக் கூடாது என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மறுகையால், சுமை ஏற்றி இறக்குவது மையப் பணியல்ல என்று ஒதுக்கிவிடுகிறது. ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய அத்தியாயமே 50 பேருக்குக் குறைவான இடத்துக்குப் பொருந்தாது. பழைய சட்டத்தில் அந்த வரம்பு 20. அதையும் தகர்க்கத்தான் போராடி வந்தோம். இவர்கள் வேலியை இன்னும் உயர்த்திவிட்டார்கள்.

பெரிய நிலையங்களை விடுங்கள். சிறிய ஓடுதளங்களில் எந்த ஒப்பந்ததாரர் 50 பேரை வைத்திருக்கப் போகிறார்? ‘உடான்’ திட்டம் 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 ஏப்ரலில் சிம்லாவிலிருந்து முதல் விமானம் பறந்தது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று பயணிக்கு விளம்பரம். நட்டத்தை ஈடுகட்ட விமான நிறுவனத்துக்கு மானியம். காவலும் தீயணைப்பும் மாநில அரசின் செலவில் இலவசம். இத்தடங்களில் பெரும்பாலும் பறப்பவை ப்ரொப்பல்லர் விமானங்கள். அவற்றின் அருகில் வேலை செய்வது என்றால் என்னவென்று மாநாட்டு மேடைகளில் யாரும் சொல்வதில்லை.

ஏடிஆர் 72 விமானத்தின் விசிறி ஏறத்தாழ 4 மீட்டர் விட்டம் கொண்டது, ஆறு அலகுகள். முழு வேகத்தில் நொடிக்கு 20 சுற்று. சுழலும்போது அலகு கண்ணுக்குத் தெரியாது, வெறும் மங்கல் வட்டம். தரையில் மின்சாரம் தரும் வண்டி இல்லாத இடத்தில், வலப்பக்க விசிறியைப் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு எஞ்சினை மட்டும் ஓடவிடுவார்கள். விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் அதுதான் ஊற்று. அந்த இரைச்சலில்தான் முன்கதவு வழியாகப் பெட்டிகளை ஏற்ற வேண்டும். பின்னால் நிற்கும் தோழர் கத்தினாலும் காதில் விழாது. சக்கரத்துக்குக் கட்டை வைப்பவர், எச்சரிக்கைக் கூம்பு நடுபவர், வழி தவறி விசிறிப் பக்கம் நடக்கும் பயணியைத் தடுப்பவர், பெட்டி தூக்குபவர் எல்லாம் ஒரே ஆள் என்றால், அரை மணிக்குள் விமானத்தைத் திருப்பி அனுப்பும் அவசரத்தில் இவற்றில் எது விட்டுப்போகும்?

2019 ஜூலை 10 அதிகாலை, கொல்கத்தாவில், க்யூ400 ரக ப்ரொப்பல்லர் விமானத்தின் சக்கர அறையில் பராமரிப்பு வேலையிலிருந்த பயிற்சித் தொழில்நுட்ப ஊழியர், திடீரென மூடிய கதவுகளுக்கு இடையில் நசுங்கி இறந்தார். 2015 டிசம்பர் 16 அன்று மும்பையில், நகரத் தொடங்கிய ஜெட் விமானத்தின் எஞ்சின் அருகில் நின்ற ஊழியரை உள்ளிழுத்துக் கொன்றது. இவை ஆயிரம் கண்காணிப்புக் கண்கள் உள்ள பெருநகர நிலையங்கள்.

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள எந்த நிறுவனத்துக்கும் பொதுவான பாதுகாப்புக் கடமைகள் பொருந்துமே என்று தில்லியில் பதில் சொல்வார்கள். ஏட்டில் பொருந்தும். உரிமமே வாங்க வேண்டியிராத ஒப்பந்ததாரரை யார் தேடிப்போய்ச் சோதிப்பது? தொழிலாளர் ஆய்வாளருக்கே ‘வசதி செய்து கொடுப்பவர்’ என்ற வாலையும் ஒட்டிவிட்டார்கள். யாருக்கு வசதி என்று கேட்கத் தேவையில்லை.

இனி நம் வீட்டுக் கணக்கு. இடுக்கியில் வண்டிப்பெரியாறுக்கு அருகே சத்ரத்தில், தேசிய மாணவர் படைக்காக 650 மீட்டர் ஓடுதளத்தை இடது முன்னணி ஆட்சிதான் கட்டியது. 2022 ஜூலை மழையில் அதன் ஓரம் சரிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று முதல் சிறுவிமானம் இறங்கியது. சுற்றிலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள். பயிற்சிக்கு வருபவர்கள் பதின்ம வயது மாணவர்கள். சிறுவிமானத்தின் விசிறியும் கொல்லும் விசிறிதான். நாம் கட்டியது என்பதற்காக நாம் கேட்காமல் இருந்தால், அதானியின் வேலிக்கு முன் நின்று கேட்கும் தகுதி நமக்கு எப்படி வரும்? விசிறி நிற்கும் வரை யார் எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது, அதைக் காக்க மட்டுமே ஓர் ஆள் நிற்கிறாரா, அந்தக் கோடு தமிழிலும் எழுதப்பட்டிருக்கிறதா என்பதைப் பீர்மேடு வட்டாரத் தோழர்கள் நேரில் சென்று பார்க்க வேண்டும்.

திருவனந்தபுரத்தில் செய்ய வேண்டியது வேறு. ஆரியசாலையில் அடையாள அட்டையோடு மூட்டை தூக்கும் தோழரும், ஓடுதளத்தில் ஒப்பந்ததாரரின் சட்டையோடு பெட்டி தூக்கும் இளைஞரும் பல வீடுகளில் அண்ணன் தம்பிகள். முதலில் அந்தத் தம்பியைச் சங்கத்தில் சேருங்கள்.