பூட்டிய அலமாரியும் வாசிக்கத் தொடங்கிய பிள்ளையும்

தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை, 2025 ஆகஸ்ட் 8 அன்று சென்னை அண்ணா நூற்றாண்டு நூலக அரங்கில் வெளியிடப்பட்டது. இடத்தேர்வு பொருத்தமானதே. ஆனால், அக்கொள்கை சென்றுசேர வேண்டிய அரசுப் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் நூலகர் என்று ஒருவர் இல்லை.

பெருந்தொற்றுக்குப் பின் வாசிப்புத் திறனின் நிலை அச்சமூட்டியது. 2022ஆம் ஆண்டின் ‘அசர்’ ஆய்வில், ஊரகத் தமிழ்நாட்டின் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. அவ்வாண்டு ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ இயக்கம் தொடங்கியது. குழந்தைகள் வகுப்பைக் கொண்டல்லாமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையைக் கொண்டு பிரிக்கப்பட்டனர். நிலைமை சற்றே மேம்பட்டதை 2024 ஆய்வு காட்டியது. 2025-26 கல்வியாண்டில், ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அடிப்படைத் திறன் எட்டாதோருக்கென ‘திறன்’ திட்டம் வந்தது. ஆக, எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பது இன்று பள்ளிக்குத் தெரியும்.

புத்தகங்களும் இல்லாமல் இல்லை. வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று தரம் பிரிக்கப்பட்டு வந்துள்ளன. ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் வருகின்றன. வாரம் ஒரு பாடவேளை நூலகத்துக்கென்று இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளியின் நிலைக்கேற்ப 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியத்துக்கு இடமுண்டு (அத்திட்டத்தின் நிதியே மத்திய, மாநில அரசுகளின் பூசலில் சிக்கியது தனிக்கதை). ஒரு பக்கம் தரம் அறியப்பட்ட பிள்ளை, மறுபக்கம் தரம் பிரிக்கப்பட்ட நூல். இரண்டையும் சேர்த்துவைக்கும் ஆள்தான் இல்லை.

இது எளிய வேலை அன்று. வேடசந்தூர், வடமதுரைப் பகுதி நூற்பாலைத் தொழிலாளர் ஒருவரின் மகன் ஏழாம் வகுப்பில் படிப்பதாகக் கொள்வோம். எழுத்துக்கூட்டி வாசிக்கும் நிலையில் இருக்கும் அவனிடம் முயல், ஆமைக் கதையை நீட்டினால் வெட்கப்பட்டுத் திருப்பித் தந்துவிடுவான். மொழி எளிதாக இருக்க வேண்டும்; பொருள் பன்னிரண்டு வயதுக்குரியதாக இருக்க வேண்டும். கபடியோ, மோட்டார் வண்டியோ, பேய்க்கதையோ, அவனை இழுப்பது எது என்பது பேசிப் பார்த்தால்தான் தெரியும். அவன் எந்த நூலைப் பாதியில் திருப்பினான், எதை இரண்டாம் முறை கேட்டான் என்று குறித்துவைத்து, அதை வகுப்பாசிரியரிடம் சொல்பவரே பாடத்திட்டத்துக்கு உண்மையான துணை. வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் தமிழைப் புதிதாகக் கற்கும் வகுப்பில் இத்தேவை இன்னும் கூடுதல்.

இப்போது நடப்பது என்ன? பாட ஆசிரியர் ஒருவருக்கு நூலகப் பொறுப்பு கூடுதலாகத் தரப்படுகிறது. இருப்புப் பதிவேட்டில் ஒரு நூல் குறைந்தால் கணக்குச் சொல்ல வேண்டியவர் அவரே. கிழிந்த நூல் இழப்பாகவும், யாரும் தொடாத நூல் பத்திரமாகவும் கருதப்படும் இடத்தில் அவர் அலமாரியைப் பூட்டுவது இயல்பு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் பெருமைக்கு இதுவொன்றும் அணிசேர்க்காது. இதில் ஆசிரியரைக் குறைசொல்வது நியாயமில்லை. பிள்ளைகள் படித்துத் தேயும் நூல்களை ஆண்டுதோறும் எளிதாகக் கழித்துக்கொள்ள ஓர் ஆணை போதும். அரசுக்குச் செலவில்லாத சீர்திருத்தம் அது.

ஆள் வேண்டும் என்பது செலவுள்ளது. ஆனால், கேட்கக் கூடாத கோரிக்கை அல்ல. கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் நூலகர் பணியிடம் வழக்கமானது. காந்திகிராமத்திலேயே அத்தகைய பள்ளி உண்டு. அதைச் சுற்றியுள்ள ஆத்தூர் வட்டார அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அது ஏன் ஆடம்பரம் ஆகிறது?

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதனின் முயற்சியால் 1948இலேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. சொத்து வரியோடு 10 விழுக்காடு நூலக வரியை மக்கள் செலுத்துகின்றனர். அவ்வரியில் இயங்கும் பொது நூலகத் துறையும் அரசுப் பள்ளிகளும் பள்ளிக் கல்வித் துறை என்ற ஒரே கூரையின் கீழ்தான் உள்ளன. ஆயினும், பள்ளியும் கிளை நூலகமும் அண்டை வீட்டாராகவே வாழ்கின்றன. பள்ளிதோறும் நூலகரை நியமிக்க இயலாதெனில், ஐந்தாறு பள்ளிகளுக்கு ஒருவர் என நூலக அறிவியல் படித்தவர்களை நியமித்து, அருகிலுள்ள கிளை நூலகத்தோடு இணைக்கலாம். வாரத்தில் ஒருநாள் ஒரு பள்ளியில் அவர் இருந்தாலே நூலகப் பாடவேளைக்கு உயிர் வரும். அவரையும் ‘எமிஸ்’ தளத்தில் விவரம் பதிவேற்றும் எழுத்தராக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஆபத்து மெய்யானது.

வத்தலகுண்டில் வளர்ந்த சி.சு.செல்லப்பா, ‘எழுத்து’ வெளியீடுகளைப் பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர். வாசகரைத் தேடி நூல் போன மாவட்டம்தான் இது. திண்டுக்கல்லில் மாவட்ட நிர்வாகமும் இலக்கியக் களமும் இணைந்து நடத்தும் புத்தகத் திருவிழாவுக்கு மாணவர்கள் அழைத்துவரப்படுகின்றனர். அடுத்த திருவிழாவில் ‘திறன்’ வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களிடமும் கிளை நூலகர்களிடமும் சிறு தொகையைக் கொடுத்து, தங்கள் பிள்ளைகளுக்கான நூல்களை அவர்களே தேர்ந்தெடுக்கச் செய்யலாம். புதிய பணியிடங்களுக்கான அரசாணை வரும்வரை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.