வானலையிலும் எமக்கொரு வாயில் வேண்டும்

இந்நாட்டின் தொலைக்காட்சி ஒளிபரப்பை இலக்கமுறைக்கு, அதாவது மக்கள் வழக்கில் டிஜிட்டல் முறைக்கு, மாற்றப்போகிறோம் என்ற பேச்சு இன்று நேற்று எழுந்ததன்று. 2014ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம், யப்பானியப் பிரதமர் கொழும்புக்கு வந்திருந்தபோது, இதற்கென ஏறத்தாழ 1,370 கோடி யென் கடனுக்கான உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. யப்பானிய ஒளிபரப்பு முறையே இந்நாட்டுக்குரியதென்றும் தீர்மானிக்கப்பட்டது. அதன் பின்னர் ஆட்சிகள் மாறின, அமைச்சர்கள் மாறினர், 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த இயலாதென அரசாங்கமே கைவிரித்தது. 2024 யூலையில் யப்பான் தன் கடனுதவித் திட்டங்களை மீளத் தொடக்க இணங்கிற்று. இந்த நெடிய இழுபறியில் எம்மவர் போதிய அழுத்தத்தோடு கேளாத கேள்வியொன்று உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் மலைநாட்டிலும் நிற்கப்போகும் கோபுரங்கள் கொழும்பின் குரலை எதிரொலிப்பதற்கு மட்டுமா, அன்றி அவ்வவ்விடத்து மக்களின் மொழியிலே அவ்வவ்விடத்துச் செய்தியைச் சொல்லவும் வல்லனவா என்பதே அது.

“படம் துலக்கமாகத் தெரியும், அவ்வளவுதானே, இதில் அரசியல் எங்கே வந்தது?” என்று கேட்பாருளர். படித்த எம் நண்பர்களே அவ்வாறு கேட்கின்றனர். அவர்கள் பொருட்டு இம்முறையின் இயல்பைச் சிறிது விரித்துரைக்க வேண்டியுள்ளது.

பழைய முறையில் ஓர் அலைவரிசையில் ஒரு சேவையே செல்லும். இலக்கமுறையிலோ படமும் ஒலியும் எண்களாக்கப்பட்டுச் சுருக்கி அனுப்பப்படுவதால், அதே அகலத்தில் உயர்தெளிவுச் சேவையொன்றும் அதனோடு சாதாரணத் தெளிவில் வேறு சேவைகளும் ஒருங்கே செல்லலாம். யப்பானிய முறை ஓர் அலைவரிசையை 13 கூறுகளாக வகுப்பது. அவற்றுள் ஒன்றைக் கைத்தொலைபேசி போன்ற சிறு கருவிகளுக்கென ஒதுக்கவும் வல்லது. இதனால் விளைவது யாது? “தமிழுக்குத் தனி அலைவரிசை தர வானில் இடமில்லை” என்று இதுகாறும் சொல்லப்பட்டு வந்த சாட்டு இனிச் செல்லாது. அரச தொலைக்காட்சியின் சனல் ஐயும் நேத்ராவும் ஒரே அலைவரிசையை நேரம் பிரித்துப் பகிர்ந்துகொண்ட காலத்தை எம்மவர் மறந்திருக்கமாட்டார். விளையாட்டுக்கு ஒரு வேளை, தமிழுக்கு ஒரு வேளை! தொழில்நுட்பம் அந்த முடையைத் தீர்த்துவிட்டது. இனித் தமிழுக்கு இடமில்லையென்றால் அது வானத்தின் குற்றமன்று, மனத்தின் குற்றம்.

எனினும் இலக்கமுறையிலே புதியதொரு பொறியும் மறைந்து கிடக்கிறது. அதனைப் பொறியியலாளர் அறிவர், பொதுமக்கள் அறியார். பழைய முறையில் அயல் அயலாக நிற்கும் இரு கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒளிபரப்பினால் ஒன்றையொன்று குழப்பும். இலக்கமுறையில் அவ்வாறன்று. நாடு முழுவதிலுமுள்ள கோபுரங்கள் அனைத்தையும் ஒரே அலைவரிசையில், ஒரே கணத்தில் இயங்கச் செய்யலாம். அலைவரிசை மிச்சமாகும், செலவும் குறையும். கணக்குப் பார்க்கும் அதிகாரிக்கு இது இனிக்கவே செய்யும். ஆனால் அதற்கொரு நிபந்தனை உண்டு. அவ்வாறு இணைந்த கோபுரங்கள் யாவும் அணுவளவும் பிசகாமல் ஒரே நிகழ்ச்சியையே அனுப்புதல் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கோபுரம் மட்டும் அரை மணி நேரம் யாழ்ப்பாணத்துச் செய்தியைச் சொல்ல முற்படின், அதன் எல்லையோரத்தில் வாழ்பவர்க்கு இரண்டு சேவையும் கெடும். ஆகவே, அலைவரிசைத் திட்டத்தில் தீவு முழுவதும் ஒரே வலையாகப் பின்னப்பட்டுவிட்டால், பிரதேச ஒளிபரப்பு என்பது சட்டத்தால் தடுக்கப்படவேண்டியதில்லை. பொறியமைப்பே அதனைத் தடுத்துவிடும். பிற்காலத்தில் நல்மனம் படைத்த அமைச்சரொருவர் வந்தாலும், “செய்ய விருப்பந்தான், ஆனால் முறை இடந்தராதே” என்று கைபிசைவார். ஒரு வரைபடத்தில் இடப்படும் கோட்டிலே ஒரு மக்களின் வாய் கட்டப்படக்கூடும் என்பதை நாம் இப்பொழுதே உணர்தல் வேண்டும்.

இதற்கு மாற்று இல்லையா? உண்டு. வடக்குக்கு ஒரு வலை, கிழக்குக்கு ஒரு வலை, மலைநாட்டுக்கு ஒரு வலை எனப் பிரித்து வேறு வேறு அலைவரிசை கொடுத்து, ஒவ்வொரு வலைக்கும் நிகழ்ச்சி சேர்க்கும் நிலையமொன்றை அவ்வவ்விடத்திலேயே நிறுவலாம். செலவு சற்றுக் கூடும், உண்மையே. கொழும்பில் 350 மீற்றர் உயரத் தாமரைக் கோபுரத்தை எழுப்பியபோது தயங்காத அரசாங்கம் இதற்குத் தயங்குவதில் பொருளில்லை.

பிற நாட்டார் அனுபவத்தையும் இங்கு நோக்குவோம். பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் வேல்ஸ் மொழி பேசுவோர் சிறுபான்மையினர். அவர்களுக்குத் தனித் தொலைக்காட்சி தருவதாகத் தேர்தலில் வாக்களித்த அரசாங்கம் பதவியேறியபின் வாக்கை மீறிற்று. வேல்ஸ் தேசியக் கட்சியின் முதுபெருந் தலைவர் குவின்வோர் எவன்ஸ், 1980 ஒக்டோபரிலிருந்து உண்ணாநோன்பிருந்து உயிர்விடுவேன் என்றறிவித்தார். குறித்த நாள் வருமுன்னரே செப்டெம்பரில் அரசாங்கம் பணிந்தது. 1956இல் காலிமுகத்திடலிலும் 1961இல் கச்சேரி வாசல்களிலும் அமர்ந்திருந்த எம் மக்களுக்கு இந்த அறவழி புதிதன்று. அரசாங்கம் பணிந்ததுதான் புதிது. 1982 நவம்பர் 1ஆம் திகதி அச்சேவை தொடங்கிற்று. நம் ரூபவாகினி தொடங்கியதும் அதே 1982இல், பெப்ரவரி 15இல். எனினும் வேல்சின் சேவைக்கும் பழைய முறையின் முடை இருந்தது. ஓர் அலைவரிசைக்குள்ளேயே வேல்ஸ் மொழியையும் ஆங்கில நிகழ்ச்சிகளையும் அடைக்க வேண்டியிருந்தது. 2010இல் வேல்ஸ் முழுவதும் இலக்கமுறைக்கு மாறியதும், ஆங்கிலச் சேவைக்கு வேறிடம் கிடைத்தது. இச்சேவை முற்றிலும் வேல்ஸ் மொழிக்கே உரியதாயிற்று. ஒரே தொழில்நுட்பந்தான், நோக்கம் நேரியதாயின் விளைவும் நேரியதாகிறது.

வட அயர்லாந்திலும் படிப்பினையொன்று உண்டு. 1998ஆம் ஆண்டுச் சமாதான உடன்படிக்கையில், தெற்கு அயர்லாந்தின் ஐரிஷ் மொழித் தொலைக்காட்சி வடக்கிலும் பரவலாகக் கிடைக்க வழிசெய்யவேண்டுமென்று எழுதப்பட்டது. 2012 ஒக்டோபரில் அங்கு பழைய ஒளிபரப்பு நின்றபோது, எல்லைக்கப்பாலுள்ள சேவைகளைத் தாங்கிய தனி அலைவரிசையொன்று வடக்கின் கோபுரங்களிலிருந்தே புறப்பட்டது. எமக்கு இது எவ்வளவு அண்மையான செய்தி! கொடைக்கானலிலிருந்தும், பின்னர் 1995இல் எழுந்த இராமேஸ்வரத்தின் 323 மீற்றர்க் கோபுரத்திலிருந்தும் கடல் கடந்து வந்த அலையைப் பிடிக்கப் பனை உயரத்துக்குக் குழாய் நட்டு அன்ரெனா கட்டியவர்கள் நாம். குடாநாட்டில் மின்சாரமே இல்லாதிருந்த காலத்திலும் மண்ணெண்ணெயில் இயந்திரத்தை ஓட்டி ஊர்கூடிப் பார்த்ததுண்டு. அந்த வாயில் தானாகவே அடைபட்டு வருகிறது. இந்திய அரச தொலைக்காட்சி தன் பழைய முறை ஒளிபரப்பிகளுள் மிகப் பெரும்பாலானவற்றை 2022 அளவில் நிறுத்திவிட்டது. இலக்கமுறையில் அது கைக்கொண்டது ஐரோப்பிய முறை. இந்நாடு தெரிந்தது யப்பானிய முறை. ஒன்றுக்குரிய பெட்டி மற்றதை ஏற்காது. எனவே, டி.டி. தமிழ் போன்ற சேவைகளை உடன்படிக்கை மூலம் வடக்குக் கோபுரங்களிலேயே ஏற்றுவதற்குக் கொழும்பும் புதுதில்லியும் பேசுவதில் தவறென்ன? சினிமாவுக்காக மட்டும் நாம் இதனைக் கேட்கவில்லை. இந்தியத் தமிழ்ச் சேவைகளின் வேளாண்மை நிகழ்ச்சிகள் எம் விவசாயிகளுக்கும் பயன்படுவனவே.

இனிக் கோபுரம் எங்கே நிற்பது என்பதைப் பார்ப்போம். 1990இல் போரில் வீழ்ந்த கொக்காவில் ஒளிபரப்பு நிலையம், 2011 யூனில் 174 மீற்றர் உயரக் கோபுரமாக மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வுயரத்திலிருந்து புறப்படும் அலை பூமியின் வளைவால் மறைபடுமுன் ஏறத்தாழ 55 கிலோமீற்றர் செல்லும். வீட்டுக் கூரைமேல் உயர்ந்த அன்ரெனா இருந்தால் மேலும் சில கிலோமீற்றர். யாழ் நகரோ நேர்கோட்டில் 60 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளது. நெடுந்தீவு அதனினும் சேய்மையது. பழைய முறையில் இத்தகைய விளிம்பிலிருப்பவர் புள்ளி விழுந்த படத்தையேனும் பார்த்துக் கொள்வர். இலக்கமுறைக்கு அந்த இரக்கமில்லை. வலு ஓரளவு வரை குறைந்தாலும் படம் பளிங்குபோலிருக்கும். அதற்கும் ஒரு படி கீழிறங்கினால் திரை இருண்டுவிடும். இடைநிலை என்பதே கிடையாது. ஆதலால் குடாநாட்டுக்கும் தீவகத்துக்கும் உள்ளூரிலேயே ஒளிபரப்பி அமைதல் வேண்டும். மலைநாட்டில் நிலைமை இன்னும் கடினம். பிதுருதலாகலை உச்சியில் எத்துணை வலிய ஒளிபரப்பி இருந்தாலும், மலை மறைவிலுள்ள தோட்டத்து லயங்களுக்கு அலை எட்டாது. அவ்வப் பள்ளத்தாக்குக்குச் சிறு நிரப்புக் கோபுரங்கள் தேவை. வருமானம் தராத இடமென்று அவை கடைசியில் விடப்படுமாயின் இருளப்போவது எவர் திரையென்று சொல்லவேண்டுமா?

“இன்று எல்லார் கையிலும் கைத்தொலைபேசியும் கூரையில் வட்டத் தட்டும் உள்ளன, கோபுரம் எதற்கு?” என்பது இன்னொரு வாதம். மாதக் கட்டணம் செலுத்த வல்லவர்க்கு அது பொருந்தும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசி 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, மின்சாரம் இன்றித் தொலைபேசிக் கோபுரங்கள் பல வாயடைத்துப் போயின. அபாய அறிவித்தல்கள் தமிழில் உரிய வேளையில் வரவில்லையென்ற குறையும் அப்பொழுது பகிரங்கமாகவே எழுந்தது. யப்பானிய முறையிலே அபாய எச்சரிக்கைக்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. உறங்கிக் கிடக்கும் பெட்டியையும் எழுப்பி, பிரதேசக் குறியீட்டின்படி குறித்த பகுதியார்க்கு மட்டும் எச்சரிக்கையை அனுப்பக்கூடியது அது. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு வயல்கள் மூழ்கிய இரவை விவசாயிகள் மறவார். அத்தகைய இரவில், குளக்கட்டில் நிற்கும் நீர்ப்பாசனப் பொறியியலாளரின் சொல், கொழும்புக்குப் போய் மொழிமாறித் திரும்பி வரும்வரை வெள்ளம் காத்திராது. கிளிநொச்சியிலிருந்தே தமிழிலே அச்சொல் வானலையில் ஏறுதல் வேண்டும். அங்கு பல்கலைக்கழகப் பொறியியற் பீடமே உளது. நிலையத்தை நடத்தக் கற்றவர்க்கும் பஞ்சமில்லை. 1987இல் தமிழும் அரசகரும மொழியென்று அரசியலமைப்பில் எழுதியதன் பொருள், அபாய வேளையில் முதலில் விளங்க வேண்டும்.

ஏழைகளின் பெட்டி பற்றியும் ஒரு வார்த்தை. பழைய தொலைக்காட்சிப் பெட்டியை வீசவேண்டியதில்லை. ‘செட் டொப் பொக்ஸ்’ எனக் கடைகளில் வழங்கும் சிறு பெட்டியைப் பொருத்தினாற் போதும். அமெரிக்காவில் வீட்டுக்கு 40 டொலர்ச் சீட்டுகள் இரண்டு வீதம் அரசாங்கமே வழங்கிற்று. யப்பான் வறிய குடும்பங்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. அதுமட்டுமன்று, 2011 யூலை 24இல் நாடெங்கும் பழைய ஒளிபரப்பை நிறுத்தியபோது, ஆழிப்பேரலையால் அழிந்த இவாத்தே, மியாகி, புகுஷிமா மாகாணங்களுக்கு மட்டும் 2012 மார்ச் இறுதிவரை தவணை கொடுத்தது. போராலும் பேரலையாலும் புயலாலும் இடிந்த எம் பிரதேசங்களுக்கும் அத்தகைய தவணையைக் கேட்பதற்கு, கடன் கொடுக்கும் நாடே முன்னுதாரணம் தந்திருக்கிறது.

நாடாளுமன்றத்திலுள்ள எம் பிரதிநிதிகள், அலைவரிசைத் திட்டம் முற்றுப்பெறுமுன்னரே, வடக்கு கிழக்குக்கும் மலைநாட்டுக்கும் தனி வலை உண்டா, நிகழ்ச்சி சேர்க்கும் நிலையம் எங்கே அமையும், இலவசப் பெட்டிக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு என்பனவற்றை எழுத்திற் கேட்டு எழுத்தில் விடை பெறுவாராக. அதுவரை, புதிய தொலைக்காட்சி வாங்கும் அன்பர்கள் கடைக்காரர் “டிஜிட்டல்” என்று சொன்ன மாத்திரத்தில் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாது, ‘ஐ.எஸ்.டி.பி.-ரி’ என்ற யப்பானிய முறையின் பெயர் பெட்டியில் உளதா என்று பார்த்து வாங்குக. இந்தியாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ உறவினர் அனுப்பும் பெட்டிகளில் அது பெரும்பாலும் இராது.