திரும்பாத பயணச்சீட்டு

இருவழிப் பயணச்சீட்டின் திரும்பும் பாதி உபயோகமாகாமலே காலாவதியாகிவிடுவதில்தான் இவ்விவகாரம் பெரும்பாலும் ஆரம்பமாகிறது. கோடை விடுமுறைக்கென்று அமெரிக்காவிலிருந்து பாட்டி வீட்டுக்கு வந்த குழந்தையின் பாஸ்போர்ட் பீரோவின் உள்ளறைக்குள் போய்விட, அங்கே பள்ளிக்கூடம் திறந்த பின்னும் குழந்தை இங்கேயே இருக்குமானால், அதைக் கடத்தல் என்கிறார்கள் சட்டம் அறிந்தவர்கள். பெற்றவள் பிள்ளையை அழைத்து வந்ததற்கு இப்படியும் ஒரு பெயரா என்கிறாள் பாட்டி. அவள் கேள்வியை அலட்சியம் செய்வதற்கில்லை.

1980-ல் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கை, 16 வயதுக்குட்பட்ட குழந்தையை அது வழக்கமாக வசித்த தேசத்துக்கே துரிதமாகத் திருப்பியனுப்பி, யாரிடம் வளரவேண்டும் என்பதை அவ்விடத்து நியாயஸ்தலமே விசாரிக்கட்டும் என்கிறது. இலங்கை 2001-லேயே அதில் சேர்ந்துவிட, இந்தியாவோ 2009-ல் சட்ட ஆணையம் சிபாரிசு செய்தும் ஒதுங்கியே நிற்கிறது. கணவனுடைய விசாவை ஒட்டிப் போய், உத்தியோகம் பார்க்க அநுமதியின்றி, அடி உதைக்குத் தப்பிப் பிறந்தகம் வந்து சேர்ந்தவளை மறுபடி அங்கேயே அனுப்புவதா என்ற தயக்கம் நியாயமானதே. (கடும் அபாயம் இருந்தால் அனுப்ப வேண்டியதில்லை என்று அந்த உடன்படிக்கையிலேயே விலக்கு உண்டு, அதை நிரூபிப்பதுதான் பிரம்மப் பிரயத்தனம்.) ஆயினும் நாம் ஒதுங்கி நிற்பதால் அவளுக்கு ரக்ஷணை கிட்டிவிடவில்லை, ஒளிந்திருக்க அவகாசந்தான் கிட்டுகிறது என்பது என் அபிப்பிராயம்.

2007-ல் அவ்விதம் கொண்டுவரப்பட்ட ஒரு சிறுவனுக்காகத் தந்தை தாக்கல் செய்த ஆட்கொணர்வு மனுவின்பேரில், மாநிலம் மாநிலமாகப் போலீஸார் தேடியும் பயனின்றிப்போக, முடிவில் 2009-ல் சி.பி.ஐ. அவனைக் கண்டுபிடித்தது சென்னையில். அதற்குள் டேராடூனில் ஒரு பள்ளியில் சேர்ந்து, சில மாதங்களில் நின்று, சென்னையில் இன்னொன்றில் சேர்ந்திருந்தான்; ஓரிடத்திலும் வேரூன்றவில்லை என்பதையும் கருதியே உச்சநீதிமன்றம் அவனைத் திருப்பியனுப்பச் சொன்னது. 2017-ல் அதே நீதிமன்றம், அந்நிய நாட்டு உத்தரவு கவனிக்கவேண்டியவற்றுள் ஒன்றுதான் என்று, பிரிட்டனிலிருந்து வந்த சிறுமியைத் தாயிடமே விட்டது. இரண்டு தீர்ப்புக்கும் ஆதாரம் குழந்தையின் நலன் என்ற ஒரே சொல்தான். எது எப்போது பலிக்கும் என்று எந்த வக்கீலும் சொல்ல முடியாத நிலையில், காலதாமதமே ஆயுதமாகிறது.

அந்தக் காலம் கழிவது குழந்தையின் கணக்கில். ஞாயிறுதோறும் தொலைபேசித் திரையில் தோன்றும் தந்தையிடம் முதல் வருஷம் இங்கிலீஷில் மூச்சுவிடாமல் பேசிய பிள்ளை, மூன்றாம் வருஷம், சாப்பிட்டாயா என்ற கேள்விக்குக்கூடத் தாயின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்கிறது. தந்தையைப் பெற்ற தாத்தாவோ கடல்தாண்டி இல்லை. ஓர் இரவு ரயிலில் வந்துவிடக்கூடிய கோயம்புத்தூரில் இருந்துகொண்டே, பேரன் எந்தத் தெருவில் இருக்கிறான் என்று அறியாதவராக இருக்கிறார்.