நியூட்ரலை விட்டுவிடாதீர்கள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. "கரண்ட் வந்ததும் டிவி போச்சு, ஃபிரிட்ஜ் போச்சு" என்ற அழைப்புகள் இனி நமக்கு நிறைய வரும். மின்தடை என்றதும் வாடிக்கையாளருக்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும்தான் நினைவுக்கு வருகின்றன. நாமும் அவற்றை மாட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். கரண்ட் போனதால் பொருள்கள் கருகுவதில்லை. அது திரும்பி வரும்போதுதான் கருகுகின்றன. அதிலும் மோசமானது, காற்றில் நியூட்ரல் அறுந்து கிடக்கும்போது பேஸ் மட்டும் உயிர்பெறுவது.

மூன்று பேஸ் இணைப்புள்ள ஒரு வீடு. ஆர் பேஸில் 2,000 வாட் கீசர் ஓடுகிறது; ஒய் பேஸில் டிவியும் சில விளக்குகளுமாக 200 வாட். நியூட்ரல் கட் ஆனதும் இவை இரண்டும் சீரீஸில் சேர்ந்து, பேஸுக்கும் பேஸுக்கும் இடையிலான 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. கீசரின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 26 ஓம், மறுபக்கம் சுமார் 265 ஓம். கீசருக்கு 36 வோல்ட்தான் கிடைக்கும். டிவிக்கு 364 வோல்ட் போகும். பி பேஸிலும் லோடு இருந்தால் கணக்கு மாறும், ஆபத்து மாறாது.

அப்போது ஓடும் கரண்ட் ஒன்றரை ஆம்பியருக்கும் குறைவு. அதனால் எம்.சி.பி. விழாது. எர்த்துக்குக் கசிவு இல்லாததால் ஆர்.சி.சி.பி.யும் விழாது. மின்னலுக்காக வைத்த சர்ஜ் கருவி, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வந்துபோகும் அதிர்ச்சியைத் தாங்குமே தவிர, நிமிடக்கணக்கில் நிற்கும் 364 வோல்ட்டில் தானே கருகிவிடும். இதற்கு உரியது, 270 வோல்ட்டை ஒட்டி இணைப்பைத் துண்டிக்கும் ஓவர்-அண்டர் வோல்டேஜ் புரொடெக்டர் ஒன்றுதான். மெயின் போர்டில் அதை வைக்காமல் புது வீட்டு வேலையை முடித்ததாக நாம் சொல்லக் கூடாது. திரும்ப இணைக்கும் நேரத்தை மூன்று நிமிடமாக வையுங்கள், கம்ப்ரெசரும் பிழைக்கும்.

பழைய வீடுகளில் நியூட்ரல் ஜாயின்ட்டைத் திறந்து பாருங்கள். அலுமினியக் கம்பியையும் காப்பர் வயரையும் கையால் முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். டேப்பைப் பிரித்தால் அலுமினியத்தின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். இன்சுலேஷன் கருகி, விரல் பட்டதும் உதிரும். அந்த இடத்தில் பைமெட்டாலிக் லக் போட்டு க்ரிம்ப் செய்யுங்கள். நியூட்ரலில் ஃப்யூஸ் இருந்தால் எடுத்துவிட்டு லிங்க் போடுங்கள். மீட்டருக்கு முந்தைய பகுதி மின்வாரியத்துடையது. அங்கே நாம் கை வைக்காமல் வாடிக்கையாளரைப் புகார் கொடுக்கச் சொல்ல வேண்டும். ஒரு ரூமில் லைட் பளீரென்றும் பக்கத்து ரூமில் மங்கலாகவும் எரிந்தால், நமக்கு போன் செய்வதற்கு முன் மெயினை ஆஃப் செய்ய வேண்டும் என்பதையும் அவருக்குச் சொல்லி வையுங்கள்.

நம் தொழிலில் இன்னும் நடக்கிற ஒரு கொடுமையைச் சொல்லியாக வேண்டும். நியூட்ரல் வராத வீட்டில் அவசரத்துக்கு எர்த் கம்பியை நியூட்ரலாகக் கொடுத்து லைட்டை எரியவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஆர்.சி.சி.பி. விழும் என்பதால் அதையும் பைபாஸ் செய்கிறார்கள். எர்த் குழி காய்ந்திருந்தால் அந்த வீட்டின் வாஷிங் மெஷின், கிரைண்டர், ஃபிரிட்ஜ் எல்லாவற்றின் உடலிலும் மின்சாரம் ஏறும். வீட்டுக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும் இதைச் செய்யாதீர்கள்.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையைக் கடந்தபின் டெல்டா மாவட்டங்களின் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. வாடகை ஜெனரேட்டர் வைத்துத்தான் டேங்குகளுக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். அத்தகைய நாளில் இரு முனையிலும் பிளக் மாட்டிய வயரால் ஜெனரேட்டரைச் சுவர் சாக்கெட்டில் செருகினால், மெயின் ஆஃப் ஆகாத வீட்டிலிருந்து மின்சாரம் லைனுக்குத் திரும்பும். டிரான்ஸ்ஃபார்மர் வழியே ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்ந்து, செத்த லைன் என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைத் தாக்கும். ஜெனரேட்டர் கேட்கும் வீட்டில் பேஸோடு நியூட்ரலையும் சேர்த்துப் பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்சைப் போடுங்கள். செலவு என்று வாடிக்கையாளர் மறுத்தால் அந்த வேலையை ஏற்காதீர்கள்.