தாளோடு நிற்கும் எண்கள்

வேதி ஆலையின் ஓட்ட வரைபடத்தில் ‘பி-101 ஏ/பி’ என்றொரு குறி இருக்கும். முதல் எழுத்து பம்பைக் குறிக்கும்; நூற்றிலக்கம் ஆலையின் பகுதி; மிச்சம் அந்தப் பகுதிக்குள் வரிசை எண். கடைசியில் வரும் ஏ/பி, ஒன்று ஓட மற்றது மாற்றாக நிற்பதைச் சொல்லும். சில நிறுவனங்களில் பம்புக்கு ‘ஜி’ போடுவார்கள். போடட்டும், ஒரே ஆலைக்குள் மாறாதவரை தொல்லையில்லை.

எண் தாளோடு நின்றுவிடும்போதுதான் தொல்லை.

2004 ஏப்ரல் 23 இரவு, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இல்லியோபோலிஸ் ஊரின் ஃபார்மோசா பிளாஸ்டிக்ஸ் ஆலை. 306-ஆம் உலைக்கலனைக் கழுவிக்கொண்டிருந்த தொழிலாளி, கழுவிய நீரை வடிக்கக் கீழ்த்தளத்துக்கு இறங்கினார். அங்கே எல்லாக் கலன்களும் ஒரே சாயல். படியடியில் திசை மாறித் திரும்பி, வினை நடந்துகொண்டிருந்த 310-க்கு அடியில் போய் நின்றார். அழுத்தம் இருந்ததால் அடி வால்வு திறக்க மறுத்தது. அவசரக் காற்றுக்குழாயை மாட்டித் திறந்திருக்கிறார். வினைல் குளோரைடு கொட்டி வெடித்ததில் ஐந்து பேர் இறந்தார்கள். இது அமெரிக்க வேதிப் பாதுகாப்பு விசாரணை வாரியம் கண்ட முடிவு.

ஆளைக் குறை சொல்வது சுலபம். ஆனால் முந்தைய ஆண்டே அதே நிறுவனத்தின் பேட்டன் ரூஜ் ஆலையிலும் ஒருவர் தவறான கலனின் வால்வைத் திறந்திருந்தார்.

வரைபடம் போடும் பொறியாளர்களே, எண்ணை எழுதியதோடு விடாதீர்கள்; வால்வருகே, ஆள் நிற்கும் இடத்தில், தொலைவிலிருந்தே தெரியும்படி பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள்.