சமரசங்கள் சேமித்து வைத்த போர்: அமெரிக்க உள்நாட்டுப் போரும் மறைக்கப்படும் காரணமும்

2023 டிசம்பர் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடந்த தேர்தல் பரப்புரைக் கூட்டமொன்றில், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராவதற்குப் போட்டியிட்ட நிக்கி ஹேலியிடம் வாக்காளர் ஒருவர் கேட்டார்: உள்நாட்டுப் போருக்குக் காரணம் என்ன? அரசு எவ்வாறு இயங்க வேண்டும், மக்களின் சுதந்திரங்கள் எவை என்றெல்லாம் ஹேலி விடையளித்தார். அடிமைமுறை என்ற சொல் அவ்விடையில் இல்லை. கேள்வி கேட்டவரே அதைச் சுட்டிக்காட்ட நேர்ந்தது. கண்டனங்கள் எழுந்த பிறகு, மறுநாள்தான் போருக்குக் காரணம் அடிமைமுறையே என்று அவர் ஒப்புக்கொண்டார். ஒன்றியத்திலிருந்து முதலில் பிரிந்துபோன தெற்கு கரோலினா மாநிலத்தின் ஆளுநராக ஆறாண்டுகள் இருந்தவர் அவர்.

இதனை ஓர் அரசியல்வாதியின் நாப்பிழையாகக் கருதிக் கடந்துவிட இயலாது. அதே ஆண்டு ஜூலையில் புளோரிடா மாநிலக் கல்வி வாரியம் ஏற்ற பாடத்தரங்கள், அடிமைகளாக்கப்பட்டோர் கற்றுக்கொண்ட தொழில்திறன்கள் சில நேர்வுகளில் அவர்களுக்கே பயன்பட்டன என்று மாணவர்களுக்குக் கற்பிக்கச் சொல்கின்றன. 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணை, ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் நாட்டின் வரலாற்றை இழிவுபடுத்துவதாகக் குற்றஞ்சாட்டியது. ஒடுக்குமுறையின் பெயரைச் சொல்லாமலேயே அதன் வரலாற்றை எழுதும் முயற்சி அங்கே அரசின் கொள்கையாகி வருகிறது. இம்முயற்சியின் மையத்தில் இருப்பது ஒரு பழைய வாதம்: தெற்கு மாநிலங்கள் போரிட்டது அடிமைமுறைக்காக அன்று, மாநில உரிமைக்காக. அவ்வாதத்தைச் சட்ட ஆவணங்களின் முன் நிறுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் சொல்லாத அரசமைப்பு

1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் 'அடிமை' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் அடிமைமுறையைக் காக்கும் மூன்று ஏற்பாடுகள் அதில் இருந்தன. மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகள் ஐந்தில் மூன்று பங்காகக் கொள்ளப்பட்டனர். அடிமை வணிகத்தை 1808க்கு முன் தடை செய்யும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மறுக்கப்பட்டது. ஒரு மாநிலத்திலிருந்து தப்பிச் சென்றவரை மற்றொரு மாநிலம் உடைமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

முதல் ஏற்பாட்டின் சூழ்ச்சியைக் கவனிக்க வேண்டும். வாக்குரிமையற்ற, சாட்சி சொல்லும் உரிமைகூட அற்ற மக்களின் தலைகளை எண்ணி, அவர்களை விற்கவும் வாங்கவும் செய்தவர்களுக்கு நாடாளுமன்ற இடங்களும் அதிபர் தேர்தல் வாக்குகளும் கூடுதலாக வழங்கப்பட்டன. முதல் 12 அதிபர்களில் 10 பேர் தம் வாழ்நாளின் ஏதோவொரு கட்டத்தில் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர்கள். ஒடுக்கப்பட்டோரின் எண்ணிக்கையே ஒடுக்குவோரின் அதிகாரமாக மாற்றப்பட்டது.

பருத்தியும் நிலமும்

அடிமைமுறை தானாகவே அழிந்துவிடும் என்று அரசமைப்பை எழுதியோரில் சிலர் நம்பினர். 1793இல் வந்த பருத்தி விதை நீக்கும் இயந்திரம் அந்நம்பிக்கையைப் பொய்யாக்கியது. இங்கிலாந்தின் நூற்பாலைகள் பருத்தியைக் கேட்டன. பருத்தி நிலத்தையும் உழைப்பையும் கேட்டது. 1830ஆம் ஆண்டின் வெளியேற்றச் சட்டத்தின் வழி தென்கிழக்கின் தொல்குடி மக்கள் தம் மண்ணிலிருந்து துரத்தப்பட்டனர். அந்நிலங்களில் உழைக்க வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ 10 லட்சம் கறுப்பின மக்கள் தம் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டுத் தெற்கே விற்கப்பட்டனர், கொண்டுசெல்லப்பட்டனர்.

1790இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860இல் 39.5 லட்சமாயிற்று. தெற்கு கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் மக்கள்தொகையில் பாதிக்கும் மேற்பட்டோர் அடிமைகளாக இருந்தனர். நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கும் மேல் பருத்தியே. அடிமைகளின் சந்தை மதிப்பு 300 கோடி டாலரை எட்டியது. நாட்டின் இருப்புப்பாதைகளிலும் ஆலைகளிலும் முடங்கிய முதலீட்டைக் கூட்டினாலும் அதற்கு ஈடாகாது. இத்தகைய சொத்தை எந்த ஆளும் வர்க்கமும் அறிவுரை கேட்டுக் கைவிட்டதில்லை.

யாருக்கிடையே சமரசம்?

நிலம் மேற்கே விரிய விரிய ஒரே கேள்வி மீண்டும் மீண்டும் எழுந்தது: புதிய பகுதிகளில் அடிமைமுறை உண்டா, இல்லையா? 1820இல் மிசௌரி அடிமை மாநிலமாகவும் மெய்ன் சுதந்திர மாநிலமாகவும் சேர வழிவகுக்கப்பட்டு, பிரான்சிடமிருந்து வாங்கிய எஞ்சிய நிலப்பரப்பில் 36 பாகை 30 கலை அட்சக்கோட்டுக்கு வடக்கே அடிமைமுறை தடுக்கப்பட்டது. மெக்சிகோவின் மீது போர் தொடுத்துப் பறித்த நிலங்கள் குறித்து 1850இல் மற்றொரு சமரசம். இரண்டையும் பாடநூல்கள் போரைத் தள்ளிப்போட்ட அரசியல் மதிநுட்பமாகப் போற்றுகின்றன.

இச்சமரசங்களைச் செய்தவர்கள் யார்? வடக்கின் வணிக நலன்களும் தெற்கின் தோட்ட முதலாளிகளும். யாருடைய உடல் பேரம் பேசப்பட்டதோ, அவர்களுக்கு அம்மேசையில் இடமில்லை. அவர்களுக்காகப் பேச வந்தோரின் குரலும் அடைக்கப்பட்டது. 1835இல் சார்ல்ஸ்டன் நகரில் அடிமை ஒழிப்பு வெளியீடுகள் அஞ்சலகத்திலிருந்து கைப்பற்றப்பட்டு எரிக்கப்பட்டன. 1836 முதல் 1844 வரை அடிமை ஒழிப்புக் கோரும் மனுக்களை விவாதிக்காமலேயே ஒதுக்கும் விதியைப் பிரதிநிதிகள் அவை கடைப்பிடித்தது. அடிமைகளின் சுதந்திரத்தைப் பறித்த அமைப்பு, தன்னைக் காத்துக்கொள்ள வெள்ளையரின் பேச்சுரிமையையும் மனு அளிக்கும் உரிமையையும் தின்னத் தொடங்கியது.

ஆனால் மேசைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் வாளாவிருக்கவில்லை. 1831இல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. 1838இல் தப்பிய பிரெடரிக் டக்ளஸ், 1845இல் தன்வரலாறு எழுதினார், 1847இல் இதழாசிரியரானார். 1849இல் தப்பிய ஹாரியட் டப்மன், மீண்டும் மீண்டும் மேரிலாந்துக்குத் திரும்பிச் சென்று ஏறத்தாழ 70 பேரை மீட்டார். வடக்கு, தெற்கு என்ற இரு பகுதிகளின் பூசலாகவே இவ்வரலாற்றைச் சொல்வோர் இம்மூன்றாம் தரப்பை விட்டுவிடுகின்றனர். தப்பியோடிய ஒவ்வொருவரும் இரு பகுதிகளின் சமரசத்தைக் கிழித்துக்கொண்டே ஓடினர் என்பதுதான் உண்மை.

மாநில உரிமை யார் கையில் இருந்தது?

1850 சமரசத்தின் ஒரு பகுதியாக வந்தது தப்பியோடிய அடிமைகள் சட்டம். சட்டத்தைத் தொழிலாகக் கொண்டோர் அனைவரும் படிக்க வேண்டிய சட்டம் இது. பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை இல்லை. தம் வழக்கில் தாமே சாட்சி சொல்ல அவருக்கு உரிமை இல்லை. வழக்கை முடிவு செய்யும் ஆணையர், பிடிபட்டவரை உரிமை கோரியவரிடம் ஒப்படைத்தால் 10 டாலர் கட்டணம் பெறுவார். விடுவித்தால் 5 டாலர். தப்பியவருக்கு உதவியோருக்கு 1,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. பொதுமக்கள் எவரையும் பிடிக்கும் வேலைக்கு அழைக்கலாம்.

இது ஒன்றிய அரசின் சட்டம். தெற்கு கேட்டுப் பெற்ற சட்டம். இதை எதிர்த்து மாநில உரிமை பேசியது வடக்கு. பல வட மாநிலங்கள் தம் சிறைகளையும் அலுவலர்களையும் இப்பணிக்குத் தர மறுத்துச் சட்டங்கள் இயற்றின. விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தை அரசமைப்புக்கு முரணானது என்றே அறிவித்தது. 1859இல் ஏபில்மன் எதிர் பூத் வழக்கில் ஒன்றிய உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, ஒன்றியத்தின் மேலாண்மையை நிலைநாட்டியது. 1854இல் பாஸ்டனில் ஆண்டனி பர்ன்ஸ் என்பவரை மீண்டும் அடிமைத்தளைக்கு அனுப்ப ஒன்றியப் படைகளே தெருவில் இறங்கின. அன்று தெற்கின் தலைவர்கள் மாநில உரிமை குறித்து வருந்தவில்லை. தம் நலனைக் காத்தபோது ஒன்றிய அதிகாரத்தையும், காக்காதபோது மாநில உரிமையையும் அவர்கள் கையிலெடுத்தனர். மாறாமல் இருந்தது அந்நலன் மட்டுமே.

நீதிமன்றம் ஏற்றிய தீ

1854இல் கன்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம் 1820இன் எல்லைக்கோட்டை அழித்து, குடியேறியோரே வாக்களித்து அடிமைமுறையை முடிவு செய்யலாம் என்றது. விளைவு, கன்சாஸில் ஆயுத மோதல். 1856 மே மாதத்தில் அடிமைமுறையைக் கண்டித்துப் பேசிய செனட் உறுப்பினர் சார்ல்ஸ் சம்னர், தெற்கு கரோலினா உறுப்பினர் ஒருவரால் அவையிலேயே கைத்தடியால் அடித்து வீழ்த்தப்பட்டார்.

அரசியல் தீர்க்காத சிக்கலைத் தீர்க்க நீதிமன்றம் முன்வந்தது. சுதந்திரப் பகுதிகளில் வாழ்ந்ததால் தாம் விடுதலை பெற்றவர் என்று டிரெட் ஸ்காட்டும் அவர் மனைவி ஹாரியட்டும் 1846இல் தொடங்கிய வழக்கு, 11 ஆண்டுகள் நடந்தது. 1857 மார்ச் 6 அன்று தலைமை நீதிபதி ரோஜர் டானி தீர்ப்பு வழங்கினார். ஆப்பிரிக்க வழிவந்தோர், சுதந்திரமானவராயினும், அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது. ஆகவே வழக்குத் தொடுக்கும் தகுதியே ஸ்காட்டுக்கு இல்லை. ஒன்றியப் பகுதிகளில் அடிமைமுறையைத் தடுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கும் இல்லை. அது உடைமையாளரின் சொத்துரிமையைப் பறிப்பதாகும். ஒன்பது நீதிபதிகளில் இருவர் மட்டுமே மாறுபட்டனர்.

நீதிமன்றம் நடுநிலையானது என்று நம்புவோருக்கு இத்தீர்ப்பு ஒரு பாடம். மனிதர் ஒருவரின் உயிர்வாழும் உரிமையும் மற்றொருவரின் சொத்துரிமையும் எதிரெதிரே நின்றபோது, அரசமைப்பின் பெயரால் அது சொத்தின் பக்கம் நின்றது. சிக்கலை முடித்துவைக்க எழுதப்பட்ட தீர்ப்பு, சமரசத்துக்கான கடைசி வழியையும் அடைத்துவிட்டது.

அவர்களே எழுதிய வாக்குமூலம்

1860 நவம்பரில் ஆபிரகாம் லிங்கன் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடிமைமுறை நிலவிய மாநிலங்களில் அதை ஒழிப்பதாக அவர் சொல்லவில்லை. புதிய பகுதிகளுக்குப் பரவவிடமாட்டேன் என்றே சொன்னார். அதுவே தெற்குக்குப் போதுமானதாக இருந்தது. டிசம்பர் 20 அன்று தெற்கு கரோலினா பிரிந்தது. நான்கு நாட்களில் வெளியிட்ட விளக்கப் பிரகடனத்தில் அது அடுக்கிய குறைகளைப் படித்துப் பாருங்கள்: வட மாநிலங்கள் தப்பியோடியோரைத் திருப்பி அனுப்பவில்லை; நியூயார்க் மாநிலம் அடிமைகளுடன் தன் வழியே பயணம் செய்யும் உரிமையைக்கூட மறுத்தது; சில மாநிலங்கள் கறுப்பினத்தவரைக் குடிமக்களாக ஏற்றன. வேறு சொற்களில் சொன்னால், வட மாநிலங்கள் தம் மாநில உரிமையைப் பயன்படுத்தியதே தெற்கின் குற்றச்சாட்டு.

மிசிசிப்பியின் பிரகடனம் தன் நிலைப்பாடு அடிமைமுறையோடு முற்றிலும் இணைந்தது என்று தயக்கமின்றி அறிவித்தது. பிரிந்தோர் எழுதிய புதிய அரசமைப்பு, அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குலைக்கும் எச்சட்டத்தையும் தன் நாடாளுமன்றம் இயற்றக் கூடாதெனத் தடுத்தது. அதன் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் ஆற்றிய உரையில், இனச் சமத்துவமின்மையே தம் அரசின் மூலைக்கல் என்றார். மாநில உரிமை என்னும் முகமூடி தோல்விக்குப் பின்னரே பெரிதும் தைக்கப்பட்டது. போர் தொடங்கும்போது அவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

தெற்கின் வெள்ளைக் குடும்பங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவையே அடிமைகளை வைத்திருந்தன. ஆயினும் எஞ்சிய ஏழை வெள்ளையரில் பெரும்பாலோர் அவர்களுக்காகப் போர்க்களம் சென்றனர். தமக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்ற நிறைவே அவர்களுக்குக் கிடைத்த கூலியின் ஒரு பகுதி. படிநிலைச் சமூகத்தில் வாழும் நமக்கு இந்தக் கூலியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

விடுதலையைக் கையிலெடுத்தோர்

1861 ஏப்ரல் 12 அன்று சம்டர் கோட்டையின் மீது குண்டு வீசப்பட்டுப் போர் தொடங்கியது. ஒன்றியத்தைக் காப்பதே தன் நோக்கம் என்றார் லிங்கன். அடுத்த மாதமே மன்ரோ கோட்டையில் மூன்று அடிமைகள் தஞ்சம் புகுந்தனர். வழக்கறிஞராக இருந்து தளபதியான பெஞ்சமின் பட்லர், அவர்களைப் போர்க்காலத்தில் எதிரியிடமிருந்து பறிமுதல் செய்த பொருள் என வகைப்படுத்தித் திருப்பித் தர மறுத்தார். அவர்களைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் ஒன்றியப் படைமுகாம்களை நோக்கி நடந்தனர். 1863 ஜனவரி 1 அன்று விடுதலைப் பிரகடனம் வந்தது. ஏறத்தாழ 1.8 லட்சம் கறுப்பின வீரர்கள் ஒன்றியப் படையில் போரிட்டனர். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களின் உயிரைக் குடித்து 1865இல் போர் ஓய்ந்தது. 13ஆம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. குடியுரிமையைப் பிறப்புரிமையாக்கிய 1868ஆம் ஆண்டின் 14ஆம் திருத்தம் டானியின் தீர்ப்பைப் புதைத்தது.

ஆனால் இழப்பீடு பெற்றவர்கள் யார்? 1862இல் தலைநகர் வாஷிங்டனில் அடிமைகள் விடுவிக்கப்பட்டபோது, ஒருவருக்கு 300 டாலர் வரை அரசு கொடுத்தது, உடைமையாளர்களுக்கு. 1865இல் கடலோர நிலங்களை விடுதலை பெற்றோருக்குப் பகிர்ந்தளிக்க வந்த ராணுவ ஆணையை அதே ஆண்டில் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் செயலற்றதாக்கினார். 1877இல் கட்சிகளுக்கிடையே நிகழ்ந்த மற்றொரு சமரசம், தெற்கிலிருந்து ஒன்றியப் படைகளின் பாதுகாப்பை விலக்கிக்கொண்டது. மீண்டும் மேசை, மீண்டும் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. அதன் விலையாக அவர்கள் கும்பல் கொலைகளையும் வாக்குரிமைப் பறிப்பையும் பல பத்தாண்டுகள் சுமந்தனர்.

இவ்வரலாற்றை நம் முன்னோர் தொலைவிலிருந்து வேடிக்கை பார்க்கவில்லை. 1873இல் 'குலாம்கிரி' நூலை வெளியிட்ட ஜோதிராவ் பூலே, அடிமை ஒழிப்புக்கு உழைத்த அமெரிக்க மக்களுக்கே அதைக் காணிக்கையாக்கினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்கு மடல் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்கு அமெரிக்கக் கறுப்பினத்தவர் அளித்த மனுவின் படிகளைக் கேட்டார். ஒரு விடுதலைப் போராட்டத்தின் ஆவணம் மற்றொரு விடுதலைப் போராட்டத்துக்குப் படைக்கலன் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

ஆகவே மாணவத் தோழர்கள் இப்போரைப் படிக்கும்போது உரைகளிலிருந்து தொடங்க வேண்டாம். பிரிவினைப் பிரகடனங்களையும் 1850ஆம் ஆண்டுச் சட்டத்தையும் டானியின் தீர்ப்பையும் நேரடியாகப் படியுங்கள். ஒடுக்குவோர் பின்னாளில் எழுதும் விளக்கத்தைவிட, வெல்வோம் என்று நம்பியபோது அவர்கள் எழுதிய ஆவணமே நம்பத்தக்கது. அமைதி, ஒற்றுமை, இணக்கம் என்ற பெயரில் எந்நாட்டில் எந்த உடன்பாடு முன்வைக்கப்பட்டாலும் அதன் விலையைச் சுமப்பவர் யார், கையெழுத்திட்டவர் யார் என்று கேளுங்கள். இரண்டு பட்டியல்களிலும் ஒரே பெயர்கள் இல்லையெனில் அங்கே சிக்கல் தீரவில்லை. அடுத்த தலைமுறையின் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது.